தட்டிப் பார்த்து வாங்குகிறவன்

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் தரமானது என்று தீர்ப்பளிக்கிறவன் நான். அதை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவள் என் மனைவி. கல்யாணமான புதிதில் ஏற்பட்ட வேலைப் பிரிவினை இது. திருத்தம் கோரி ஒரு தரப்பிலிருந்து எத்தனையோ மனுக்கள் வந்துவிட்டன. எல்லாம் என் பரிசீலனையில் இருக்கின்றன.

பாத்திரக் கடையில் நான் நிற்கும் தோரணையே தனி. தவலையைக் கையிலேந்தி, காதோரம் கொண்டுபோய், விரல் முட்டியால் 'டங்'கென்று ஒரு தட்டு. பிறகு ஓசை அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு மௌனம். எந்த ஓசை நல்ல ஓசை என்று எனக்குத் தெரியாது. அப்பா தட்டினார், தாத்தாவும் தட்டியதாகக் கேள்வி. பங்காளித் தகராறு இல்லாமல் எனக்கு வந்து சேர்ந்த பரம்பரைச் சொத்து இது ஒன்றுதான். கண்ணைத் திறந்து "கனம் போதாது" என்பேன். கடைப் பையன் இன்னொன்றை எடுத்து வைப்பான். அதற்கும் ஒரு தட்டு, அதற்கும் மௌனம். இதற்குள் மனைவி தனக்கு வேண்டியதை எடுத்து, மூடி பொருந்துகிறதா, கைப்பிடி சுடுமா, உள்ளே கைவிட்டுத் தேய்க்க இடமிருக்கிறதா என்று பார்த்து, பில்லும் போட்டுவிட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள்.

தட்டுவது பழைய விஞ்ஞானம். புதிய விஞ்ஞானத்துக்கென்று என் சட்டைப் பையில் ஒரு காந்தம் உண்டு; செத்துப்போன ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. எவர்சில்வரில் காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்வு என்று எங்கேயோ படித்திருந்தேன். வெகு காலம் ஊரில் உள்ள டபராவையெல்லாம் காந்தம் வைத்துப் பிரித்து, ஒட்டியதையெல்லாம் ஒதுக்கித் தள்ளினேன். ஒருநாள் வயதான கடைக்காரர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "சார், நல்லதுன்னு சொல்ற 304-லயும் ஒட்டாது, அதைவிட மட்டமான 202-லயும் ஒட்டாது. காந்தத்துக்கு அதெல்லாம் தெரியாது சார்." அவர் சொன்னது சரிதான். 304 ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். நிக்கல் விலை அதிகம். அதனால் 202-இல் அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். உப்பும் புளியும் பட்டுக்கொண்டே இருந்தால் புள்ளி விழுவது முதலில் இதில்தான். காந்தம் இரண்டையும் சமமாகவே நடத்துகிறது. அடியில் ரகம் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பதும் எடைக்கு என்ன விலை என்று கேட்பதும்தான் வழி. அதைத்தான் மனைவி செய்துகொண்டிருந்தாள். தோரணை இல்லாமல் செய்ததால் நான் கவனிக்கவில்லை.

இந்த அவமானம் ஆறுவதற்குள் இண்டக்‌ஷன் அடுப்பு வீட்டுக்கு வந்தது. அதற்கு உள்ள ஒரே நிபந்தனை, பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும் என்பது. நான் தேர்ந்தெடுத்த உயர்குலப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஒவ்வொன்றையும் பார்த்து அடுப்பு 'பீப் பீப்' என்று சிரித்தது. கடைசியில் பால் காய்ந்தது, நான் ஒதுக்கித் தள்ளி, என் முதுகுக்குப் பின்னால் மனைவி வாங்கி வைத்திருந்த ஒரு மலிவு கிண்ணத்தில்.

மிக்ஸி விஷயத்தில் என் ஞானம் சர்வதேச அளவிலானது. ஒரு காலை, தேங்காய்ச் சட்னி பாதியில் இருக்க, மிக்ஸி நின்றுபோனது. நான் அடுப்படிக்குள் பிரவேசித்து, இந்தக் காலத்துப் பொருள்கள் ஏன் சீக்கிரம் கெடுகின்றன என்று விளக்க ஆரம்பித்தேன். 1924-இல் ஜெனீவாவில் பெரிய பல்பு கம்பெனிகளெல்லாம் ஃபீபஸ் என்ற பெயரில் கூட்டு வைத்துக்கொண்டதையும், எந்த பல்பும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது, எரிந்தால் தயாரித்தவனுக்கு அபராதம் என்று அவர்கள் பேசி வைத்துக்கொண்டதையும் சொன்னேன். அதற்கு முந்தைய காலத்து பல்பு ஒன்று கலிபோர்னியாவின் லிவர்மோர் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் 1901-இலிருந்து எரிந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னேன்.

"எத்தனை வாட்?" என்றாள்.

"இப்போ நாலு வாட் அளவுக்குத்தான் மினுங்குது. அணைக்கறதே இல்ல. அதனாலதான் அத்தனை வருஷம்..."

"அந்த வெளிச்சத்துல உளுந்துல கல் பொறுக்க முடியுமா?"

கேட்டுக்கொண்டே மிக்ஸியைக் கவிழ்த்தாள். அடியில் சிவப்பாக ஒரு பொத்தான். அதை அமுக்கி நிமிர்த்தி வைத்தாள். மிக்ஸி ஓடியது. "ஓவர்லோடுங்க. கெட்டியா அரைச்சா தானா நின்னுக்கும். மோட்டார் எரியாம இருக்கத்தான் அந்த பட்டன். தண்ணி கொஞ்சம் விடணும்." ஜெனீவாவிலிருந்து நான் திரும்பி வருவதற்குள் சட்னி தாளித்து ஆகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தி சொல்லியாக வேண்டும். சீமென்ஸ் கம்பெனியில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் என்பவரின் வீட்டில், அவர் மனைவி வைத்திருந்த ஜெர்மனி நாட்டு பிரவுன் மிக்ஸி எரிந்துபோனது. அந்த மோட்டார் கேக்குக்கு முட்டை அடிக்கச் செய்தது. நம் ஊர் மஞ்சளையும் மிளகாயையும் அது எப்படித் தாங்கும்? அவர் உட்கார்ந்து, நம் சமையலுக்கு ஈடுகொடுக்கும் மோட்டாரோடு ஒன்றைச் செய்தார். 1963-இல் அப்படித்தான் சுமீத் பிறந்தது. வீடு வீடாக அந்தப் பெயரே மிக்ஸிக்குப் பெயராக ஓடிய காலம் ஒன்று இருந்தது. மனைவியின் மிக்ஸி நின்றதும் அவர் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். நான் ஒரு சொற்பொழிவு ஆரம்பித்தேன். இரண்டுக்கும் தொடக்கப் புள்ளி ஒன்றே என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பழைய பொருள்கள் மேல் எனக்குள்ள பக்தி ஊரறிந்தது. "அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா!" என்று பரணைப் பார்த்துக் கும்பிடுகிற வகை நான். அம்மா உயிரோடு இருந்தபோது ஒருமுறை அந்தக் கும்பிடைக் கலைத்தாள்: "டேய், ஒழுகின குடம், கைப்பிடி போன வாணலி, நசுங்கின அண்டா எல்லாத்தையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சு. மிச்சம் இருக்கறதுதான் மேல இருக்கு." தெருவில் பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பேரீச்சம்பழம் தந்துகொண்டிருந்தவர் அந்தக் காலத்தின் மட்டமான சாமான்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார். தேறியவற்றை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் எல்லாமே தேறியது என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

ஆட்டுக்கல்லும் அப்படித்தான். "அது பழுதே ஆகாது" என்று நான் சொல்லாத நாளில்லை. உண்மைதான், அதில் மோட்டார் என் பாட்டி. பழுதானது அவள் தோள்பட்டை. கல் வழவழத்துப் போனால் கொத்த ஆள் வருவார், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆள் வருவார், கத்திக்குச் சாணை பிடிக்க ஆள் வருவார். இத்தனை பேர் வாசலில் நின்றதால்தான் அந்தப் பொருள்கள் நின்றன. 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மாவாட்ட மோட்டார் வைத்த கிரைண்டரைச் செய்து காட்டினார். கோவை வெட் கிரைண்டருக்கு இன்றைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கல் அதே கல், பாட்டிக்கு மட்டும் விடுதலை. இதைவிடப் பெரிய தர உயர்வு எங்கள் குடும்பத்தில் எந்தப் பொருளாலும் ஏற்படவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். நான் மாவாட்டியவன் இல்லை என்பதால் இதைத் துணிந்து சொல்ல முடிகிறது.

பரணிலிருந்து நான் இறக்கிக்கொண்டது அப்பாவின் எச்.எம்.டி. கைக்கடிகாரம், தினமும் சாவி கொடுக்கிற ரகம். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் தொடங்கிய ஆலை. 2016-இல் மத்திய அரசு மூட முடிவெடுத்தது. மூடிய செய்தி வந்ததும் எல்லாருக்கும் அதன் மேல் பிரியம் பொத்துக்கொண்டு வந்தது, எனக்கும். அப்பா குளித்துவிட்டு விபூதி பூசியதும் சாவி கொடுப்பார், ஒருநாள் தவறாது. எனக்குக் கடிகாரம் வந்தது, அந்த ஒழுங்கு வரவில்லை. போதாததற்கு அது தினமும் முன்னே முன்னே ஓடியது. பழைய கடிகாரம் காலத்தை முந்துகிறது என்று நான் பெருமைப்பட, மனைவி "இதைக் கட்டினதிலேருந்து பிளாட்பாரத்துல உட்கார்ந்தே என் பாதி ஆயுசு போச்சு" என்றாள். பழுது பார்க்கிறவர் ஒரு திசைகாட்டியை அருகே வைத்தார், முள் ஆடியது. "சார், வாட்ச்ல காந்தம் ஏறியிருக்கு. ஸ்பிரிங் சுருள் ஒட்டிக்கிட்டா வேகமாத்தான் ஓடும். காந்தம் பக்கத்துல ஏதாவது புழங்குறீங்களா?" என்றார். நான் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன்.

இனி ஈயச் சொம்பு.

என் அம்மாவுக்கு அவள் அம்மா கும்பகோணத்தில் வாங்கிக் கொடுத்த சொம்பு அது. அதில் வைத்த ரசத்தின் மணம் வேறு எதிலும் வராது. இதைப் பாத்திரம் தேய்க்கிறவர்களும் ஒப்புக்கொள்வார்கள். சம்பந்தி வீட்டார் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னிக்கு ரசம் நான்தான்" என்று அறிவித்தேன். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையமர்த்தினேன். சொம்பை அடுப்பில் ஏற்றி, தீயைப் பெரிதாக வைத்து, புளி கரைப்பதற்குமுன் சம்பந்திக்கு இந்தச் சொம்பின் பெருமையைச் சொல்லிவிட்டு வரலாம் என்று கூடத்துக்குப் போனேன்.

"பாருங்க சம்பந்தி, இது வெள்ளீயம். காரீயம் கலந்தா விஷம். அதனால தெரிஞ்ச கடையில, நம்பிக்கையான ஆளிடம்தான் வாங்கணும். எங்க பாட்டி அப்படிப் பார்த்து வாங்கினது" என்று தொடங்கினேன். அவர் தலையாட்டினார். தலையாட்டுகிறவரைக் கண்டால் நான் விடுவதில்லை. "இது உருகுறதுக்கு 232 டிகிரி போதும். ஆனா உள்ள தண்ணி இருந்தா கவலையில்ல. தண்ணி நூறு டிகிரியிலயே கொதிச்சுக்கிட்டு நிக்கும், சொம்பைச் சூடேற விடாது. அதனால..."

"சம்பந்தி, ஏதோ சொட்டுற சத்தம் கேக்குது."

"...அதனால வெறும் சொம்பை மட்டும் அடுப்புல வைக்கவே கூடாது" என்று நான் வாக்கியத்தை முடித்தேன். அடுப்படியில் சொம்பும் தன் காரியத்தை முடித்திருந்தது. ஆராதனை முடிந்த கற்பூரம்போல விளிம்பு மட்டும் மிஞ்சி, மீதி பர்னரில் வெள்ளி வெள்ளியாக உறைந்து கிடந்தது. விதியை முழுக்கத் தெரிந்துவைத்திருந்த ஒருவன், அதை விளக்கிக்கொண்டிருந்த வேளையிலேயே மீறியது எங்கள் சம்பந்தி வீட்டில் இன்றும் நல்ல பேச்சு. அன்றைக்கு மனைவி குக்கரில் ரசம் வைத்தாள். எல்லாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஆனால் என் மனைவி அந்தக் கட்டியைச் சுரண்டி எடுத்து, துணியில் முடிந்து வைத்துக்கொண்டாள். அடுத்து கும்பகோணம் போனபோது தராசில் வைத்தாள். பழைய ஈயத்தை எடைக்கு எடுத்துக்கொண்டு, சேதாரமும் கூலியும் போட்டு வேறு சொம்பு கொடுத்தார்கள். திரும்பும் வழியில், "போன வருஷம் தூக்கிப் போட்டோமே, ஒரு பிளாஸ்டிக் கெட்டில், அதை எடைக்குப் போட்டா என்ன குடுத்திருப்பான்?" என்று மட்டும் கேட்டாள். மதிப்பு என்ற தலைப்பில் நான் ஆற்றிய உரைகள் எதிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

அதற்காகப் பழையதே கதி என்றும் இருக்க முடியாது. கூடத்து மின்விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கியதும், ஆயுள் முடிந்தது என்று அறிவித்து, ரிமோட் வைத்த பி.எல்.டி.சி. விசிறி ஒன்றை வாங்கினேன். மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் பழையதைப் பார்த்துவிட்டு, "கண்டன்சர் போயிருக்கும் சார்" என்று, நாலு பேர் டிபன் சாப்பிடுகிற காசுகூட ஆகாத ஒரு சின்ன டப்பாவை மாற்றிப் படுக்கையறையில் மாட்டினார். அது தலைமுடி பறக்கச் சுற்றுகிறது. நான் அன்று முழுக்க அந்த அறைக்குள் போகவில்லை.

இருந்தாலும் புதியதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். இதில் கணக்கு என் பக்கம். பழைய விசிறி தின்பது 75 வாட். புதியது முப்பதையொட்டி. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 200 யூனிட் மிச்சம். 2023 முதல் மின்விசிறிக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டது. வாங்குமுன் அதைப் பார்க்கலாம். ஓயாமல் ஓடுகிற பொருளுக்கு வாங்கும் விலையைவிட ஓடும் செலவுதான் பெரிது. இந்த வாதத்தை மனைவி மறுப்பே இல்லாமல் ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டு, "சரி, ரிமோட் எங்க?" என்றாள். தலையணைக்கடியில், சோபா இடுக்கில், பேரனின் பொம்மைப் பெட்டியில் என்று அதைத் தேடிய நேரத்தை மின்சார வாரியம் யூனிட்டில் கணக்கிடுவதில்லை. உள்ளே இருக்கும் போர்டு போனால் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் கை விரித்துவிடுவார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

தோசைக்கல்லில் மட்டும் தர்க்கமே வேண்டியதில்லை. நான்ஸ்டிக் எத்தனை நாசூக்காக வைத்தாலும் சில வருஷத்தில் உரிந்துவிடும். அளவுக்கு மீறிக் காயவிட்டால் அந்தப் பூச்சு கெட்டுப் புகையும் விடும். இரும்புக்கல் கஞ்சித் தண்ணீரில் ஊறி, நல்லெண்ணெய் குடித்து, வெங்காயத்தால் தேய்படப் பழகிக்கொள்ளும். பழகிவிட்டால் பேரன் காலத்துக்கும் வரும். ஒரே எதிரி, உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதை சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைக்கிறவன். அவன் பெயர் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.

இத்தனைக்கும் நடுவில் எந்தச் சத்தமும் இல்லாமல் உழைத்துக்கொண்டிருப்பது கல்யாணத்துக்கு வந்த பிரஷர் குக்கர். மூடி அதேதான், அடி அதேதான். கேஸ்கெட் எத்தனை மாறியது, சேஃப்டி வால்வு எத்தனை மாறியது என்று கணக்கில்லை. எல்லாம் முக்குக் கடையில் கிடைக்கும். என் மனைவியின் தரக் கட்டுப்பாடு முழுவதும் இந்தக் குக்கரிலிருந்து வந்தது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஷோரூமில் விற்பனையாளர் வாட்டையும் டச் பேனலையும் சொல்லிக்கொண்டிருக்க, நான் பொருளின் உடம்பைத் தட்டிக்கொண்டிருக்க, அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "இதுக்குக் கப்ளர், ஜார், கேஸ்கெட் எல்லாம் எங்க ஏரியா கடையில கிடைக்குமா? திறந்து பார்க்க ஆள் இருக்கா?" பதில் இழுத்தால், பொருள் எத்தனை அழகாக இருந்தாலும் நகர்ந்துவிடுவாள். குக்கர் என்றால் கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரை, 2021 முதல் அது இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022-இல் ஓர் இணையதளம் திறந்ததை நான் பெரிய செய்தியாகக் கொண்டுபோய்ச் சொன்னபோது, "இப்பத்தானா?" என்றாள்.

என் பொறுப்பில் எஞ்சியிருப்பது உத்தரவாத அட்டைகள். அவற்றை ஒரு கோப்பில் தேதிவாரியாக அடுக்கி, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். இதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன். அண்மையில் கிரைண்டரில் சத்தம் வந்தது. இரண்டு வருஷ உத்தரவாதம் இன்னும் பாக்கி. வெற்றிப் புன்னகையோடு கோப்பைத் திறந்தேன். அட்டை இருந்தது. பில் இருந்தது. பில்லில் எழுத்துதான் இல்லை. இப்போது கடைகளில் வரும் பில் மையால் அச்சிடுவதல்ல, சூடுபட்டால் கறுக்கும் காகிதம். வெயிலும் புழுக்கமும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்தால் உத்தரவாதம் முடிவதற்குள் எழுத்து வெளுத்துவிடும். தேதி இல்லாத வெள்ளைத் தாளுக்கு எந்தக் கம்பெனியும் இலவசமாக பெல்ட் மாற்றித் தராது.

ஆகவே வாசகர்களே, பழையதோ புதியதோ, எதை வாங்கினாலும் பில்லை அன்றைக்கே கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்த வேலையை வீட்டில் பொருளின் தரத்தைத் தீர்மானிக்கிறவரிடம் ஒப்படைக்காதீர்கள். அதைப் பயன்படுத்துகிறவரிடம் கொடுங்கள்.